முந்திரிக்கு விட்ட ஐந்தடி

புது வீட்டில் பால் காய்ச்சிய மூன்றாம் நாளே அப்பா வாசலுக்குத் தளம் போடுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். ஆனையூரில் எங்கள் தெருவில் யார் வீட்டு வாசலிலும் மண் கிடையாது. சுற்றுச்சுவரிலிருந்து படிக்கட்டு வரை சிமென்ட்தான். தூசி வராது, மழைக்குச் சேறு மிதிபடாது, பைக் நிறுத்தலாம், மிளகாய் வத்தல் காயப்போடலாம். எல்லாமே நியாயமான காரணங்கள். அப்பா கொத்தனார். அந்தத் தெருவில் பாதி வீடுகளுக்குத் தளம் போட்டதே அவர்தான். அம்மா அவரோடு சித்தாளாக இருபது வருடம் கலவைச் சட்டி சுமந்தவர். இருவரும் சேர்ந்து தங்கள் கையாலேயே கட்டிய வீட்டின் வாசல் மண்ணாகக் கிடந்தால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்பது அப்பாவின் கவலை.

நான் சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு, மேலூர் சாலையில் ஒரு ரெடிமிக்ஸ் கான்கிரீட் பிளான்ட்டின் லேபில் வேலை பார்க்கிறேன். கலவையை இரும்பு அச்சில் கட்டியாக வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, ஏழாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் மெஷினில் வைத்து நொறுக்கி, எவ்வளவு பாரம் தாங்கியது என்று எழுதுவது என் வேலை. அதனால் சிமென்ட் மீது எனக்கு வெறுப்பு எதுவும் இல்லை. ஆனாலும் அந்த வாசலில் எனக்கு ஒரு மரம் வேண்டியிருந்தது.

அப்பா வீடும் அம்மா பிறந்த வீடும் மேலூர்ப் பக்கம். இரண்டு வீட்டிலும் யாருக்கும் நிலம் இருந்ததில்லை. அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, களையெடுத்துப் பிழைத்தவர்கள். மதுரைக்கு வந்த பிறகு ஐந்து வாடகை வீடுகள். ஐந்திலும், ஒரு பூந்தொட்டி வைப்பதென்றாலும் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். எங்கள் குடும்பத்தின் பெயரில் பத்திரம் பதிந்த முதல் மண் இந்த இரண்டு சென்ட்தான். வாங்கிய கையோடு அதை மூடிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

முந்திரியை நான் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்ல முடியாது. கைக்கு வந்தது அது. எங்கள் பிளான்ட்டில் மிக்ஸர் லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் திருச்செந்தூர் பக்கத்துக்காரர். ஒரு சித்திரை மாதம் ஊருக்குப் போய்விட்டு வந்தவர், லேபுக்கு ஒரு பை நிறையப் பழம் கொண்டுவந்தார். கொல்லாம்பழம் என்றார். பழத்துக்குக் கீழே கொட்டை வெளியே தொங்குவதை அன்றுதான் நேரில் பார்த்தேன். அதுவரை எனக்கு முந்திரி என்றால் பாயசத்தில் மிதப்பது.

"தங்கச்சி, கொட்டைய மட்டும் பல்லுல கடிச்சிராத. வாயி வெந்துரும்" என்றார்.

"இதப் போட்டா முளைக்குமாண்ணே?"

"எங்கூருல தூக்கி எறிஞ்சாலே முளைக்கும். அது கடக்கர மணல்லா. ஒங்க மதுர மண்ணு தண்ணியக் குடிச்சா விடாது. வேரு அழுகிப் போவும்."

அவர் சந்தேகமாகச் சொன்னது எனக்குச் செய்து பார்க்க வேண்டிய சோதனையாகக் கேட்டது. ஆறு கொட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அப்பாவிடம் நீளமாகப் பேசவில்லை. வாசலின் தென்கிழக்கு மூலையில் ஒரு மரம் வைத்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

"என்ன மரம்த்தா?"

"முந்திரி."

அப்பா அம்மாவைப் பார்த்தார். "ஒம் மக ஆனையூர்ல கடலக் கொண்டாரப் போறா. அப்படியே கருவாட்டுக் கடையும் போட்டுரு."

அன்று பேசி முடித்த ஒப்பந்தம் இது. வாசல் தளத்தை என் கூடப்பிறந்த அண்ணனின் கல்யாணத்தை ஒட்டிப் போட்டுக்கொள்வது. அதற்கு முன் வீட்டின் பின்புறப் பூச்சு வேலையே பாக்கி இருந்தது. மரம் அதற்குள் காய்த்துவிட்டால் மூலையில் ஐந்தடிக்கு ஐந்தடி மண்ணை விடுவது. காய்க்காவிட்டாலோ பட்டுப்போனாலோ மூலையையும் சேர்த்து மூடுவது. அண்ணனுக்கு அப்போது பெண் பார்க்கவே ஆரம்பிக்கவில்லை. அவன்தான் அலறினான்.

"அப்ப எனக்குப் பொண்ணு அமையிறது தள்ளிப் போகணும்னு இவ சாமி கும்பிடுவாளேப்பா!"

"கும்பிடத்தான் செய்வேன்" என்றேன்.

ஒரு நோட்டுப் போட்டேன். லேபில் எதையும் தேதி போடாமல் செய்து பழக்கமில்லை. ஆறு கொட்டைகளையும் வாளித் தண்ணீரில் போட்டதில் இரண்டு மிதந்தன; அவற்றை ஒதுக்கினேன். மூழ்கிய நான்கையும் இரண்டு நாள் ஊறவைத்தேன். முந்திரியின் ஆணிவேர் நேராகக் கீழே போகும், வளைந்தால் மரம் தேறாது என்று படித்திருந்ததால், இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில்களின் கழுத்தை வெட்டி, அடியில் ஓட்டை போட்டு, மண்ணும் மணலும் நிரப்பி பாட்டிலுக்கு ஒரு கொட்டையாக ஊன்றினேன். பதினெட்டாம் நாள் முதல் கொட்டை மண்ணை முட்டிக்கொண்டு மேலே வந்தது. விதை மண்ணுக்குள்ளேயே இருக்கும், முளை மட்டும் வெளியே வரும் என்று நினைத்திருந்தேன். இது கொட்டையையே தலையில் தூக்கிக்கொண்டு வந்தது. அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "சட்டியத் தூக்கிட்டு சாரம் ஏறுற மாதிரியே இருக்கு" என்றார். அப்படித்தான் இருந்தது.

மூன்று முளைத்தன. ஒன்றைப் பூனை மிதித்து ஒடித்தது. மிச்சம் இரண்டு. நன்றாக வளர்ந்ததை மூலையில் நடுவதென்றும், மற்றதைப் பாட்டிலிலிருந்து பெரிய பைக்கு மாற்றி மாடிப்படிக்கு அடியில் வைத்துக்கொள்வதென்றும் முடிவு செய்தேன். லேபில் தேவையான கட்டிகளோடு கூடுதலாக ஒன்று வார்த்து ஓரமாக வைப்போம். ஏதாவது தவறினால் அது பேசும்.

ஆவணியில் நட்டேன். என் லேப் புத்தி முழுக்க அந்தக் குழிக்குள் இறங்கியது என்று சொல்ல வேண்டும். இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். ஓரங்களைக் கரணையால் செதுக்கி நேராக்கினேன். அப்பாவின் வேலையில் மிஞ்சிய எம்-சாண்ட் என்ற கல்மணல், கொஞ்சம் மண், மட்கிய சாணம் எல்லாவற்றையும் சல்லடையில் சலித்து, பெரிது, நடுத்தரம், சிறிது என்று அளவாகக் கலந்தேன். மூன்று அடுக்காகப் போட்டேன். ஒவ்வோர் அடுக்கையும் இரும்புக் கம்பியால் முப்பத்தைந்து முறை குத்தினேன். அச்சில் கான்கிரீட் கட்டி வார்க்கும்போது அப்படித்தான் செய்வோம். இடைவெளி இல்லாமல் இறுகினால்தான் கட்டி பாரம் தாங்கும். இரண்டு வருடமாகத் தினமும் செய்கிற கை, குழியைப் பார்த்ததும் தானாகக் குத்த ஆரம்பித்துவிட்டது. நடுவில் கன்று செருக மட்டும் இடம் விட்டேன். முடித்துவிட்டு நின்று பார்த்தபோது மிகவும் திருப்தியாக இருந்தது.

ஐப்பசி மழையில் தெரிந்தது. மழை நின்று மூன்று நாளாகியும் குழியில் தண்ணீர் அப்படியே நின்றது. சுற்றியிருந்த மண் வாங்கிக்கொண்டுவிட்டது. என் குழி மட்டும் வாளிபோல் நிரம்பி நின்றது. இலை மஞ்சளானது, பிறகு சுருண்டது. பத்தாம் நாள் தோண்டிப் பார்த்தேன். வேர் கறுத்து, தொட்டால் தோல் உரிந்து வந்தது. கெட்ட வாடை.

அப்பா வந்து குழியின் விளிம்பைக் காலால் உதைத்துப் பார்த்தார். பெயரவில்லை. கடப்பாரையை எடுத்து ஒரு போடு போட்டார். சத்தம் கணீரென்று கேட்டது.

"ஏத்தா, நீ மரம் நடலத்தா. பில்லர் நட்டிருக்க. இதுமேல ரெண்டு மாடி எழுப்பலாம்."

அண்ணன் படியில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தான். அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் சொன்னது சரி. நோட்டில் 'காரணம்' என்ற இடத்தில் 'நான்' என்று எழுதினேன். கான்கிரீட்டில் எதை ஒழிக்கப் பாடுபடுகிறோமோ அந்த இடைவெளிதான் வேருக்கு வேண்டும். மூச்சும் தண்ணீரும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். இதைப் பள்ளிக்கூடப் பிள்ளையே சொல்லும். எனக்கு ஒரு கன்று செத்த பிறகுதான் புத்தியில் ஏறியது.

"பட்டுப்போச்சு. மூடிரலாமா?" என்றார் அப்பா.

"மரம் பட்டுப்போனாத்தான மூடணும். ஒன்னு இன்னும் படிக்கு அடியில இருக்கு."

அப்பா எட்டிப் பார்த்தார். பையில் இரண்டாவது கன்று ஆறு இலையோடு நின்றது. "வக்கீலுக்குப் படிக்க வச்சிருக்கணும் ஒன்னைய" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

இரண்டாவது முறை செய்ததெல்லாம் முதல் முறைக்கு நேர்மாறு. நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் தோண்டினேன். என் உறைந்த குழியை உடைத்து வெளியே எடுத்தேன். அதற்கும் கீழே, களிமண் முடிந்து சரளை தட்டுப்படும் வரை கடப்பாரையால் நான்கு மூலையிலும் துளை இறக்கினேன். சலிக்கவில்லை, அளவாகக் கலக்கவில்லை. பருமணலை மட்டும் வாங்கி, மண்ணோடு கையால் புரட்டிப் போட்டேன். குத்தவே இல்லை. குத்த வேண்டும் என்று கை துடித்தபோது எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். பிறகு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, போனில் நேரம் பார்த்தேன். முதல் குழியில் மூன்று நாள் நின்ற தண்ணீர் இங்கே பன்னிரண்டு நிமிடத்தில் இறங்கியது. அதற்கு மேல் ஒன்றரை அடிக்கு மேடு கட்டி, மேட்டின் உச்சியில் தை மாதம் நட்டேன். அடுத்த மழைக்குள் வேர் இறங்க ஒன்பது மாதம் இருந்தது.

"சமாதி மாதிரி இருக்கு" என்றார் பக்கத்து வீட்டு அத்தை, சுவருக்கு மேலிருந்து.

அதற்குப் பிறகு வளர்ப்பு பெரும்பாலும் சின்னச் சின்ன வேலைகள்தான். போர் தண்ணீர் எங்கள் தெருவில் உப்பு. அதைக் கோடையில் மட்டும், அதுவும் மாநகராட்சித் தண்ணீர் வராத நாட்களில் ஊற்றினேன். மற்ற நாளெல்லாம் அரிசி, காய்கறி கழுவிய தண்ணீர். அம்மா அதற்கென்று ஒரு பழைய பெயின்ட் டப்பாவை அடுப்படியில் வைத்தார். அதில் சோப்புத் தண்ணீரைக் கொட்டியதற்காக அண்ணன் ஒருமுறை முழு நாளும் திட்டு வாங்கினான். காற்றுக்குச் சாயாமல் இருக்கக் கம்பு ஊன்றி, பழைய சேலைக் கிழிசலால் எட்டு வடிவத்தில் கட்டினேன். அடித்தண்டில் வந்த பக்கக் கிளைகளைக் கிள்ளினேன். முதல் வருடக் கடைசியில் இளங்கொழுந்துகள் நெருப்புப் பட்டதுபோல் கறுத்துக் காய்ந்தன. சாற்றை உறிஞ்சும் ஒரு பூச்சி. வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்பைக் கலக்கி வாரம் ஒருமுறை தெளித்தேன். நான்கு வாரம் கழித்துப் புதுக் கொழுந்து வந்தது. செம்பு நிறம். வெயில் பட்டால் கண்ணாடி மாதிரி இருக்கும். வேலைக்குக் கிளம்பும்போது ஒரு நிமிடம் நின்று அதைப் பார்த்துவிட்டுத்தான் ஸ்கூட்டியை எடுப்பேன். மேலூர் சாலை லாரிப் புழுதியில் போகும்போது அந்த நிறம் கண்ணிலேயே இருக்கும்.

இரண்டு வருடத்தில் மரம் என் தலைக்கு மேல் போய்விட்டது. உயரத்தைவிடப் பக்கவாட்டில்தான் அதிகம் பரந்தது. ஆனால் பூ இல்லை. அந்தத் தை போனது, மாசியும் பாதி போனது. இதற்குள் அண்ணனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். விளாங்குடியில் ஒரு வீட்டுக்குப் போய்விட்டு வந்த அன்று, அப்பா வாசலில் நின்று டேப்பை நீட்டி அளந்தார். மூலையையும் சேர்த்தே அளந்தார்.

அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு காலை அரிவாளோடு வெளியே வந்தார்.

காய்க்காத மரத்தை மிரட்டும் வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. ஒருவர் அரிவாளை ஓங்கிக்கொண்டு, காய்க்காத உன்னை வைத்திருந்து என்ன லாபம், வெட்டப் போகிறேன் என்று மரத்திடம் சத்தம் போட வேண்டும். இன்னொருவர் குறுக்கே வந்து, விடுங்கள், வருகிற வருடம் காய்க்கும், அதற்கு நான் பொறுப்பு என்று தடுக்க வேண்டும். மரத்துக்குப் பயமும் வரும், நம்பிக்கையும் வரும் என்பது கணக்கு. தடுக்கும் வேலையை அம்மா பக்கத்து வீட்டு அத்தையிடம் முந்தின நாளே சொல்லி வைத்திருந்தார்.

அப்பா படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அம்மா அரிவாளை ஓங்கினார்.

"ஒனக்கு எம்புட்டுத் தண்ணி ஊத்திருக்கேன்! எம்புட்டுச் சாணி சொமந்திருக்கேன்! ஒரு பூ உண்டா, பிஞ்சு உண்டா? இன்னைக்கு ஒன்னைய அடியோட வெட்டாம விடமாட்டேன்!"

சுவருக்கு அந்தப் பக்கம் அத்தையின் தலை தெரிந்தது. அத்தை மரத்தைப் பார்த்தார், தன் வாசலைப் பார்த்தார்.

"வெட்டுறதுன்னா வெட்டிருங்க மதினி. அம்புட்டு எலையும் எங்க வாசல்லதான் கெடக்கு. தெனம் ரெண்டு தடவ கூட்டுறேன், இடுப்பு விட்டுப் போச்சு."

அம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. அரிவாளை ஓங்கியாகிவிட்டது. தடுக்க ஆளில்லாமல் இறக்கினால் அது வெட்டுக்குச் சமம். மரம் அப்புறம் காய்க்கவே காய்க்காது என்பார்கள். நான் வாயைத் திறந்தேன். நட்டவர் தடுக்கக்கூடாது என்று அம்மா கண்ணாலேயே அடக்கினார். அண்ணன் குளித்துக்கொண்டிருந்தான். அம்மா அரிவாளோடு மெதுவாக அப்பா பக்கம் திரும்பினார்.

"பாத்துக்கிட்டே இருக்கீக?"

அப்பா டீ டம்ளரை வைத்தார். நிஜமாகவே பதறிவிட்டார். "ஏ, விடு விடு! கீழ போடு அருவாள! வர்ற வருசம் காய்க்கும், நான் பொறுப்பு!"

அம்மா அரிவாளை இறக்கினார். முகத்தில் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "மதினி, கேட்டீகள்ல? ஒங்க அண்ணே பொறுப்பு ஏத்துக்கிட்டாக. வர்ற வருசக் காய்ப்பு வரைக்கும் இந்த மூலையில அவுக கொத்துக்கரண்டிய வைக்கக்கூடாது."

"கேட்டேன், கேட்டேன்" என்றார் அத்தை. "அப்ப எலைய யாரு கூட்டுறது?"

"நான் கூட்டுறேன் அத்தை" என்றேன். அன்றிலிருந்து நான்தான் கூட்டுகிறேன்.

மரம் காய்க்கக்கூடாது என்று எதிர்பார்த்திருந்தவர், காய்க்கும் என்று ஊரறியப் பிணை நின்றுவிட்டார். சாயங்காலம் அப்பா என்னிடம் வந்து, "அதுக்கு என்ன ஒரம்த்தா போடுற?" என்று கேட்டார்.

அந்த வருடக் கார்த்திகையில் அண்ணனுக்கு விளாங்குடிப் பெண்ணே முடிவானது. கல்யாணம் வைகாசியில். தளம் என்றைக்குள் போட வேண்டும் என்று அப்பா என்னைத்தான் கேட்டார். இதில் நான் பொய் சொல்ல முடியாது. போட்ட தளத்துக்குக் குறைந்தது பதினான்கு நாள் தண்ணீர் கட்டி ஊறவிட வேண்டும், பிறகு கழுவி, காயவிட்டு, பந்தல்காரர்களுக்கு இடம் விட வேண்டும். பின்னாலிருந்து எண்ணி, சித்திரை இருபதுக்கு மேல் தள்ளக்கூடாது என்றேன். என் மரத்துக்கான கெடுவை நானே சொன்னேன்.

தை கடைசியில் பூத்தது. கிளை நுனிகளில் கொத்துக் கொத்தாக, வெள்ளையில் இளஞ்சிவப்புக் கோடு போட்ட சின்னப் பூக்கள். வாசனை தெருமுனை வரை போனது. தெருவில் போகிற வருகிறவர்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முப்பத்தெட்டுக் கொத்துகள் எண்ணினேன். அம்மா பழைய செருப்பு ஒன்றைக் கிளையில் கட்டினார். நான் வேண்டாமென்று சொல்லவில்லை. நோட்டில் அதையும் எழுதினேன்.

பிறகு பூக்கள் உதிர ஆரம்பித்தன. தினமும் காலையில் மேடு முழுக்க விரித்த மாதிரி கிடக்கும். கொத்தில் பெரும்பாலானவை ஆண் பூக்கள், அவை உதிரத்தான் செய்யும் என்று லாரி அண்ணனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தெரிந்தும், கூட்டும்போது குனிந்து உதிர்ந்ததைப் புரட்டிப் பார்த்தேன். பங்குனி நடுவில் ஒரு கோடைமழை காற்றோடு அடித்தது. மறுநாள் மீந்தவை ஏழு பிஞ்சுகள். அப்பா வேலைக்குக் கிளம்பும் முன் ஒவ்வொரு பிஞ்சாகத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார். தொடாதீங்கப்பா என்றால், "பாத்தேன், தொடல" என்பார்.

சித்திரை பிறந்தது. கொட்டைகள் பச்சையாகப் பருத்தன. ஆனால் பழத்தைக் காணோம். முந்திரியில் கொட்டைதான் முதலில் முழு அளவு வளரும், பழம் கடைசிப் பத்துப் பதினைந்து நாளில் உப்பும். அதை அப்பா நம்பவில்லை.

"கொட்ட மட்டும் தொங்குது. இது காய்ச்சதுல சேருமா?"

"சேரும்."

"பழம் இல்லாம எப்படித்தா சேரும்? கூரை போட்டுட்டு செவுரு எங்கன்னா?"

"முந்திரி அப்படித்தாம்ப்பா கட்டும். தலகீழா."

"எந்தக் கொத்தனார் அதுக்குச் சொல்லிக் குடுத்தான்" என்று முணுமுணுத்தார். ஆனால் சித்திரை பத்துக்குச் சொல்லியிருந்த ஆட்களை இருபதுக்கு மாற்றினார். ஏழில் இரண்டு சுருங்கி விழுந்தன. ஐந்து.

சிவப்பா மஞ்சளா என்று வீட்டில் பந்தயம் நடந்தது. விதையில் வளர்ந்த மரம் எந்த நிறத்தில் காய்க்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பதினான்காம் தேதி வாக்கில் ஐந்தில் முந்தியதன் காம்பு பழமாக வீங்கியது, பச்சை வெளுத்தது, மஞ்சளானது, தோளில் மட்டும் சிவப்பு ஏறியது. பந்தயத்தில் யாரும் ஜெயிக்கவில்லை. பறித்துவிடலாம் என்றான் அண்ணன். பழுத்தால் தானே விழும், பறிக்கக்கூடாது என்று நான் விடவில்லை. பதினெட்டாம் தேதி காலை கூட்டிக்கொண்டிருந்தபோது என் முதுகுக்குப் பின்னால் பொத்தென்று விழுந்தது. கைக்கு அடங்கிய பழம், அடியில் கொட்டை.

பழத்தைக் கழுவிக் கொண்டுபோய் அப்பாவிடம் கொடுத்தேன். ஒரு கடி கடித்தார். சாறு வேட்டியில் வழிந்தது. அந்தக் கறை இன்றுவரை போகவில்லை. மென்றார். முகம் சுருங்கியது.

"தொண்டையப் புடிக்குது."

"அப்படித்தான் இருக்கும்."

இன்னொரு கடி கடித்தார். "இனிக்கவும் செய்யுது" என்றார். பாதியை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா சுவருக்கு மேலே கூப்பிட்டு அத்தைக்கு ஒரு துண்டு கொடுத்தார். நான் அலுவலக நேரத்துக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. லேபில் போய் அன்றைய கட்டிகளை அச்சிலிருந்து கழற்றினேன். லாரி அண்ணனிடம் கொட்டையைக் காட்டினேன். கையில் வாங்கி எடை பார்த்தார். "எங்கூரு கொட்டையவிடப் பெருசா இருக்கே தங்கச்சி. மதுரத் தண்ணியா இது?" என்றார். நாள் முழுக்க எனக்கு அந்த வார்த்தை போதுமாக இருந்தது.

இருபதாம் தேதி தளம் போட்டார்கள். அப்பா சொன்னபடி மூலையில் ஐந்தடிக்கு ஐந்தடி நூல் கட்டி விட்டார். ஓரத்தில் செங்கல் வைத்து வரம்பு கட்டினார். நான் கேட்டது அவ்வளவுதான், கொடுத்ததும் அவ்வளவுதான். ஒப்பந்தம் முடிந்தது என்று நினைத்தேன்.

மண்ணில் விட்டது ஐந்தடி. ஆனால் கிளைகள் பத்தடிக்கு மேல் பரந்திருந்தன. கல்யாணத்துக்கு முதல் நாள் பந்தல்காரர்கள் வந்து இரும்புக் குழாய்களை நிறுத்தியபோதுதான் அது தெரிந்தது. படிக்கட்டுக்கு நேராக நின்ற பெரிய கிளை ஒன்று பந்தலின் இடது காலில் இடித்தது. பிந்திப் பழுத்துவந்த மீதி நான்கு பழங்களில் இரண்டு அதில் தொங்கிக்கொண்டிருந்தன.

"அண்ணே, இந்தக் கொப்பு மறிக்குது. அருவா இருந்தாக் குடுங்க, ரெண்டு நிமிசம்" என்றார் பந்தல்காரர்.

நான் மாடிப்படியில் நின்றிருந்தேன். கையில் மறுநாளுக்கான பட்டியல். கீழே இறங்குவதற்குள் அப்பா முந்திவிட்டார்.

"கொப்புல கைய வச்ச, ஒன் கைய ஒடிப்பேன் மாப்ள. பந்தல அந்தாண்ட தள்ளு."

"தள்ளுனா வாசலுக்கு நேரா வராதுண்ணே. கோணலா நிக்கும்."

"நிக்கட்டும்."

"நாளைக்கு வர்றவுக என்னையத்தான் திட்டுவாக."

"என்னையத் திட்டச் சொல்லு. தள்ளுடா."

அரை இஞ்ச் சாய்ந்த சுவரைப் பார்த்தால் இடித்துக் கட்டச் சொல்கிற மனிதர் அவர். பந்தல் இரண்டடி வலப்பக்கம் போனது. வாசற்படி ஒரு பக்கம், பந்தல் முகப்பு ஒரு பக்கம். வாழைமரம் கட்டிய பிறகு கோணல் இன்னும் நன்றாகத் தெரிந்தது. மறுநாள் சம்பந்தி வீட்டுக்காரர்கள் வந்து இறங்கியதும், பெண்ணின் மாமா முகப்பை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "என்ன சம்பந்தி, கொத்தனார் வீட்டுப் பந்தலே ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு நிக்குது?" என்றார். கொப்பில் தொங்கிய இரண்டு பழங்களைக் காட்ட, அப்பா அவர் கையைப் பிடித்து மரத்தடிக்குக் கூட்டிப் போனார்.